தளவாய்புரத்துச் சுவரில் என் சான்றிதழ்

நர்ஸ் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய வருடம் அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுப் பீரோவில், பட்டுச் சேலைகளுக்கு அடியில் ஒரு நீல ஃபைலில் என் சான்றிதழ்களை வைத்திருந்தேன். ஒரு வார விடுமுறை நாளில் ஃபைலைத் திறந்தேன். பள்ளி மார்க் ஷீட் இருந்தது, நர்சிங் டிப்ளமா இருந்தது. நர்சிங் கவுன்சில் கொடுத்த பதிவுச் சான்றிதழை மட்டும் காணோம்.

பதினொரு வருடமாக ராஜபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். அந்த ஒரு தாள் இருப்பதால்தான் நான் ஊசியைக் கையில் எடுக்க முடிகிறது. ஃபைலை மூன்று தடவை கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் கேட்டதும் தலையை நிமிர்த்தவில்லை.

"ஒங்க மாமன் கேட்டான்னு குடுத்தேன். பத்து நாள்ல திருப்பித் தாரேன்னான்."

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து ராஜபாளையத்தில் ஒரு வங்கியில் துப்பாக்கியோடு காவலுக்கு நிற்கிறார். தளவாய்புரத்தில் ஒரு கட்டிடம் கட்டி, அதை ஓர் இளம் டாக்டருக்கு ஆஸ்பத்திரி வைக்க வாடகைக்கு விட்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கு அனுமதி வாங்க, அங்கே பதிவு பெற்ற நர்ஸ் ஒருவர் இருப்பதாகக் காட்ட வேண்டும். போன மாதமே மாமா என்னிடம் கேட்டிருந்தார். "நீ வரவே வேண்டாம்ட்டி. ஒம் பேரு இருந்தாப் போதும்." முடியாது என்று சொல்லிவிட்டேன். அதோடு முடிந்தது என்று நினைத்தது என் தப்பு.

"யோசிச்சுப் பாருங்கம்மா" என்றேன். "அங்கன யாரோ ஒரு பிள்ளை மருந்த மாத்திப் போட்டுட்டா, என்னையத்தான் கூப்பிட்டுக் கேப்பாக. அதே நேரத்துல நான் ராஜபாளையத்துலயும் டூட்டின்னு கையெழுத்துப் போட்டுருப்பேன். ஒரே ஆளு ரெண்டு ஊர்ல எப்படிம்மா நிக்க முடியும்?"

"கூடப் பொறந்தவன் வந்து கேக்கான். எப்படி இல்லேன்னு சொல்ல?"

எனக்கு வந்த கோபத்தில், தளவாய்புரத்துக்கே போய்க் கேட்டுவிடுவதென்று செருப்பை மாட்டினேன். அம்மாவும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடவே வந்தாள். ராஜபாளையத்தில் இறங்கி தளவாய்புரம் பஸ் பிடித்தோம். நான் சத்தம் போடுவேன் என்று அவள் பயந்தாள். சத்தம் போட வராமல் அழுதுவிடுவேனோ என்று எனக்குப் பயம்.

ஆஸ்பத்திரித் திறப்புக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. வாசலில் பந்தல்கால் நட்டிருந்தார்கள். அன்று காலையில்தான் உள்ளே பூஜை போட்டிருக்கிறார்கள். முன் மேஜைக்குப் பின்னால் சுவரில் வரிசையாகப் படங்கள்: பிள்ளையார், ஆண்டாள், முருகன். நாலாவதாக, கண்ணாடிச் சட்டம் போட்டு, என் சான்றிதழ். அதன் மூலையில் பாஸ்போர்ட் அளவில் என் முகம். நெற்றிக்கு நேராகச் சந்தனப் பொட்டு. சட்டத்தைச் சுற்றி ஒரு முழு மல்லிகை மாலை.

அம்மா அப்படியே நின்றுவிட்டாள். செத்துப்போனவர்களின் படத்துக்குத்தானே பொட்டு வைத்து மாலை போடுவோம்.

உள்ளேயிருந்து சிரித்த முகத்தோடு வந்தார் மாமா. "வாங்க வாங்க, டீ சொல்லட்டா?"

"ஏலே" என்றாள் அம்மா. "எம் பிள்ள உசுரோட இருக்காலே."

மாமா திரும்பிச் சுவரைப் பார்த்தார். "சாமிக்குப் போட்டது போக ஒரு மாலை மிச்சம் இருந்துச்சுக்கா. அதான்..." என்று இழுத்தவருக்கே விஷயம் புரிந்து, பாய்ந்துபோய் மாலையைக் கழற்றினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த கோபத்தில் பாதி அங்கேயே போயிற்று.

மாலையைக் கழற்றினாரே தவிர, சட்டத்தைக் கழற்றவில்லை. "திறப்பு விழா முடியட்டும், பொறவு தாரேன்" என்றார்.

"மாமா, எனக்கு ஒரு மாசத்துக்கு ஒங்க துப்பாக்கி வேணும்" என்றேன்.

"எதுக்கு?"

"எங்க ஆஸ்பத்திரி வாசல்ல ஒருத்தர் காவலுக்கு நிக்காரு. அவர் கையில குடுத்துருதேன். நீங்க வர வேண்டாம், ஒங்க லைசென்ஸ் இருந்தாப் போதும்."

"கிறுக்கு மாதிரிப் பேசாத. அது எம் பேர்ல உள்ளது. அவன் எவனையாவது சுட்டுப்புட்டா என்னையல்லா உள்ள வைப்பான்." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். வலிக்கிற முழங்காலோடு அவரே ஏறி, சட்டத்தை இறக்கி என் கையில் கொடுத்தார்.

டாக்டர் கொஞ்ச நேரத்தில் வந்தார். என்னைவிட வயதில் சின்னவர். "நீங்க சம்மதிச்சதாச் சொன்னாங்க சிஸ்டர்" என்று நெளிந்தார். விண்ணப்பத்தில் என் பெயரை எழுதிவைத்திருந்தார்கள். நல்லவேளையாக இன்னும் அனுப்பவில்லை. அந்தப் பக்கத்தையும் ஜெராக்ஸ்களையும் வாங்கி நானே கிழித்தேன். அதோடு விடவில்லை. நான் அங்கே வேலை பார்க்கவில்லை என்று லெட்டர்பேடில் எழுதி, சீல் வைத்துத் தரச் சொன்னேன்.

"ரொம்பத்தான் பண்ணுத" என்று முணுமுணுத்தார் மாமா.

"பண்ணட்டும், நீ சும்மா இரு" என்றாள் அம்மா.

டாக்டர் கவலையோடு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் என்னோடு நர்சிங் படித்த ஒருத்தியின் நினைவு வந்தது. பக்கத்தில் சேத்தூரில்தான் இருந்தாள். பிரசவத்துக்காக வேலையை விட்டவள், பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் வீட்டுக்கு அருகிலேயே வேலை தேடிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே போன் போட்டேன். "பேரு மட்டுமா, ஆளுமா?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. ஆளும்தான் என்று டாக்டர் போனை வாங்கிச் சொன்னார்.

திறப்பு விழா இரண்டு வாரம் தள்ளிப்போனது. முதல் நோயாளியாக மாமாவே போய் உட்கார்ந்தார், கட்டிடக்காரர் என்ற மிதப்போடு. என் தோழி அவருடைய பெயரையும் வயதையும் கேட்டாள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தது. ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்லி, மறுபடியும் பார்த்து, அதையும் எழுதினாள்.

சாயங்காலம் மாமா எனக்குப் போன் செய்தார். "என்னட்டி பிள்ள இது, எம்புட்டு எழுதுதா. போன வாரம் மாத்திரை போடலைன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அதையும் எழுதி, நேரத்தப் போட்டு, கையெழுத்தும் போட்டுட்டா. டாக்டரு அதப் படிச்சுட்டு அர மணி நேரம் வைதாரு."

"நாளையில இருந்து மாத்திரை போடுவீங்கள்லா?"

"இப்பமே போட்டுட்டேன்" என்றார்.