ஒரு காதுக்குள் இரண்டு பாட்டு

மந்தைவெளியில் சுவிட்சும் டியூப்லைட்டும் விற்கிற அப்துல் சமத், தன் இடது காது செத்துப்போனதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு காய்ச்சல் வந்துபோன பிறகு அந்தப் பக்கம் சுத்தமாக அடைத்துக்கொண்டது. இனி அது திரும்பாது என்றார் டாக்டர். இருக்கிற காதையாவது பெரிய சத்தத்திலிருந்து காப்பாற்றிக்கொள்ளச் சொன்னார். சமத் கடைக்குத் திரும்பி, வருகிறவர்கள் வலது பக்கம் நிற்கும்படி கல்லாவை இடம் மாற்றிப் போட்டார். அதோடு சரி.

காது போனதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் அதற்கு முன்பே நிஷாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டிருந்தார்.

நிஷா அடையாறில் ஒரு கிளப் ஹாலில் ஆட்டக் கூட்டங்கள் நடத்துகிற பெண். எங்கோ கிடைத்த பழைய கேசட் ஒன்றைக் கேட்டுவிட்டு, அதில் பாட்டுப் போட்டவர் யார் என்று விசாரித்து வந்து சேர்ந்தாள். எண்பதுகளில் சிந்தாதிரிப்பேட்டையில் ஓர் அச்சகத்தின் நிலவறையில், மெஷின் ஓடாத ஞாயிறு மத்தியானங்களில் டிஸ்கோ நடந்தது. வீட்டில் ஏதோ பொய் சொல்லிவிட்டு வருகிற கல்லூரிப் பிள்ளைகள் விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். கூவத்தின் வாடை படிக்கட்டு வழியே இறங்கிவரும். கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா மகன் கொண்டுவரும் இசைத்தட்டுகளை அங்கே சமத் போடுவார். ஒருநாள் போலீஸ் வந்தது. முதலாளி பூட்டுப் போட்டார். சமத் அமீனா பீயைக் கல்யாணம் செய்துகொண்டு சுவிட்ச் விற்கப் போனார். அதன்பிறகு அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை. நிஷா கேட்டாள், அவர் வருவதாகச் சொல்லிவிட்டார். நம்மை யாரோ நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று தெரிகிற நேரத்தில் நாம் யோசித்துப் பேசுவதில்லை.

அந்த வேலைக்கு இரண்டு காதும் வேண்டும். ஓடுகிற பாட்டு ஒரு காதில். அடுத்த பாட்டு ஹெட்போன் வழியாக மறு காதில். இரண்டின் தாளமும் ஒன்றின்மேல் ஒன்று விழும்வரை தட்டை விரலால் தள்ளியும் பிடித்தும் சரிசெய்து, பிறகுதான் அடுத்த பாட்டைக் கூட்டத்துக்குத் திறந்துவிட வேண்டும். பிசகினால் இரண்டு குதிரைவண்டிகள் ஒரே சந்தில் மோதுகிற சத்தம் வரும். நிலவறையில் அவருடைய நண்பன் மெஹபூப் அலிக்கு ஒருமுறை அப்படி ஆயிற்று. யாரும் திட்டவில்லை, சிரிக்கவில்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். அதோடு மெஹபூப் தட்டைத் தொடுவதையே விட்டுவிட்டான். அந்தப் பார்வைதான் இப்போது சமத்தின் தூக்கத்தில் வந்தது.

நிஷாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று பலமுறை போனை எடுத்தார். சொன்னால், பரவாயில்லை, வரவேண்டாம் என்று இரக்கப்படுவாள். அதற்கும் பயந்தார்.

நிஷா கூட்டத்தை அந்தப் பழைய வழக்கப்படி ஞாயிறு மத்தியானத்திலேயே வைத்திருந்தாள். அமீனா, நானும் வருவேன் என்று சொல்லி, கல்யாண வீடுகளுக்குப் போடுகிற புர்காவை அணிந்து முதலில் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

ஹாலில் கட்சிக் கூட்டம்போல வரவேற்றார்கள். பொன்னாடை, மயிலாப்பூரிலிருந்து வரவழைத்த ஆளுயர ரோஜா மாலை. பூக்காரர் தாராளமாகத் தண்ணீர் தெளித்திருந்தார், சட்டை நனைந்தது. தட்டின்மேல் சொட்டிவிடுமோ என்று மாலையை இரண்டு கையாலும் விலக்கிப் பிடித்துக்கொண்டார். நிஷா இடது பக்கம் நின்று மைக்கில் பேசினாள். அவர் காதுக்கு எட்டியது எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பிய முனகல்தான். எல்லோரும் கைதட்டினார்கள். மாலையை விட்டுவிட்டு அவரும் தட்டினார். கைதட்டல் தனக்குத்தான் என்பது, கூட்டம் சிரித்த பிறகே அவருக்குப் புரிந்தது.

வலது பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கைத்தடியோடு மெஹபூப் அலி.

"இன்னா மச்சி, மாலையெல்லாம் பலமா கீது. கவுன்சிலருக்கு நிக்கிறியா?"

இவனும் பார்க்கப்போகிறான் என்று நினைத்தபடி சமத் மாலையைக் கழற்றி வைத்தார்.

முதல் பாட்டுக்கு ஹால் ஆடியது. இரண்டாவது தட்டை வைத்து, ஹெட்போனை வலது காதில் மாட்டினார். அவ்வளவுதான், ஹால் சத்தமே இல்லாமல் போனது. வாயைத் திறந்து மூடுகிற முகங்கள் மட்டும் தெரிந்தன. நினைவில் இருந்த தாளத்தை நம்பித் திறந்துவிட்டார். ஹெட்போனைக் கழற்றியபோது குதிரைகள் மோதிக்கொண்டிருந்தன.

ஆட்டம் நின்றது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். மெஹபூப் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நிஷா இடது பக்கம் வந்து ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அவர் திரும்பவில்லை என்றதும் தோளைத் தொட்டாள்.

"இந்தக் காது கேக்காதும்மா. செத்துப்போச்சு," என்றார். "முன்னாடியே சொல்லிருக்கணும். பயந்துகினு சொல்லல."

அவள் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தாள். இரண்டு தட்டின் சத்தத்தையும் கலக்கிற மிக்ஸர் பெட்டியில் ஒரு சின்னத் திருகைத் திருப்பினாள்.

"இப்ப ரெண்டு பாட்டும் ஹெட்போன்லயே கேக்கும் அங்கிள். எல்லா மிக்ஸர்லயும் இருக்கறதுதான்."

அவர் காலத்துப் பெட்டியில் அது கிடையாது. யாரிடமும் கேட்காததால் அவருக்குத் தெரியவும் இல்லை. இத்தனை நாள் தூக்கம் கெட்டது இந்தத் திருகுக்காகத்தானா என்று நினைக்கக்கூட நேரமில்லை. ஒரே அறையில் இரண்டு குடும்பம் குடியேறியதுபோல இரண்டு பாட்டும் அந்த ஒரு காதுக்குள் நெருக்கின. எது எதனுடைய அடி என்று பிரிக்கச் சத்தத்தைக் கூட்ட வேண்டியிருந்தது. டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. கூட்டினார்.

பிரமாதமாகப் போட்டார் என்று சொல்ல முடியாது. ஆட்டத்தை நிறுத்தியவர்களில் பாதிப் பேர் திரும்ப ஆட வந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் நின்று பார்க்கவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே ஆட்டோ பிடித்தார்கள். இப்போதும் அமீனாதான் முதலில் ஏறி வலது ஓரத்துக்கு நகர்ந்தாள். சமத் அவளைப் பார்த்தார். வீட்டில் சாப்பாடு போடும்போதும் அவள் கொஞ்ச நாளாக அந்தப் பக்கம்தான் உட்காருகிறாள்.

"எப்பலேந்து தெரியும்?"

"நீங்க கல்லாவ மாத்திப் போட்டீங்களே, அன்னிலேந்து."

"ஒரு வார்த்த கேக்கலியே."

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அடையாறு பாலத்தில் காற்று அடித்தது. வலது காதுக்குள் மெல்லிய ரீங்காரம் ஒன்று விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. பாலம் முடிந்து காற்று ஓய்ந்தும் அது ஓயவில்லை. அமீனாவின் உதடு அசைந்ததுபோல் இருந்தது.

"இன்னா சொன்ன?"

"நா ஒண்ணும் சொல்லலியே," என்று அவள் சொன்னது தூரத்தில் கேட்டது.

அவர் அவள் பக்கம் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எதனா பேசிக்கினே வா," என்றார்.

அவள் கேஸ் சிலிண்டர் தீரப்போவதைப் பற்றி ஆரம்பித்தாள். மந்தைவெளி வரும்வரை அவர் ஒரு சொல்லையும் தவறவிடாமல் கேட்டுக்கொண்டே வந்தார்.