பாதத்தின் நடுவே ஒரு மேடு

வந்தவர் முகத்தை அவர் பார்ப்பதில்லை. கழற்றிப் போட்ட செருப்பைக் கவிழ்த்து, தேய்ந்த இடத்தைக் கட்டை விரலால் தடவிய பிறகுதான் "வாங்க" என்பார். கொட்டகலைக் கடைவீதியில், மக்பூல் நானாவின் துணிக்கடை ஓரம் சாக்கு விரித்துச் செருப்புத் தைக்கும் கந்தப்பனுக்கு மனிதர்களைக் காலால்தான் அடையாளம். பிரஜாவுரிமை மனு எழுதப் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களைக்கூட நடையை வைத்தே இன்ன தோட்டம் என்று சொல்லிச் சிரிப்பார்.

என் செருப்பையும் கவிழ்த்தார். "குழிக் காலுங்க ஒங்களுக்கு. பாரமெல்லாம் குதியிலயும் முன்னுக்கும்தான் எறங்குது. நடுவுல தோலு புதுசாட்டமே இருக்கு பாருங்க. தட்டக் காலுன்னா அடி முழுக்க ஒண்ணாத் தேயும்." அதைச் சொன்னதும் அவர் சிரிப்பு அடங்கிவிட்டது.

அவர் மகள் பூரணிக்குத் தட்டைக் கால். தேயிலைக் கொழுந்துக் கூடையோடு சரிவில் ஏறி இறங்க அந்தக் கால் அவளுக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. மஸ்கெலியாவிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள்தான் குறை கண்டார்கள். சாணம் மெழுகிய ஈர வாசலில் பதிந்த அடியைப் பார்த்த மாப்பிள்ளையின் தாய், "குழி விழாத காலு, வந்த வீடு வெளங்காது" என்று காப்பியைத் தொடாமல் எழுந்து போனாள்.

கந்தப்பன் விடவில்லை. அடுத்த வரன் வருவதற்குள் குழி விழவைத்துவிடலாம் என்று நம்பினார், பாவம். மகளுக்கு ஒரு சோடி தைத்து, நடுவில் தோலை மடித்து மடித்து மேடு வைத்தார். வேலை முடிந்து லயத்து வீட்டுக்கு வந்ததும் அவள் அதைப் போட்டு நடக்க வேண்டும். "வலிக்குதுப்பா" என்றாள். "பொறுத்துக்க ஆயி, குழி விழுது" என்றார். பாதம் முழுக்கப் பரவ வேண்டிய பாரம் அந்த ஒரு மேட்டில் இறங்கியது. புண்ணாகிச் சீழ் வைத்து, தோட்டத்து டிஸ்பென்சரியில் கீறிவிட்டார்கள். புண் ஆறியது, பழைய நடை திரும்பவில்லை. மலை ஏற முடியாமல் இப்போது தேயிலை அரைக்கும் ஸ்டோரில் கூட்டிப் பெருக்குகிறாள். வரனும் வரவில்லை.

"ஊரு காலெல்லாம் பாத்தேங்க. எம்புள்ள காலு நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தான் கெடுத்துப்புட்டேன்" என்றார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பூரணி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள், வெறுங்காலோடு, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து. கந்தப்பன் கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தார். நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்தார். தூக்கை வாங்கியபோதும், அவள் திரும்பி நடந்து தலை கூட்டத்தில் மறையும்வரையும், கண்ணைக் கீழே இறக்கவில்லை.