நொடியில் வந்த தலைவலி

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் சோழவரத்தில் அத்தை வீட்டில் இருந்தீர்கள். அதனால் உங்கள் அம்மாவுக்கு என்ன ஆனது என்பது உங்களுக்குப் பாதிதான் தெரியும். நான் செய்த தவறு தெரியவே தெரியாது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

காலை பத்து மணி இருக்கும். அம்மா பின்பக்கம் போர்வையை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். "ஐயோ" என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை செய்யும் இரும்பு ரோலிங் மில்லில் தலைவலி புதிதல்ல. உலை முன்னால் நிற்கிற எவனுக்கும் வரும். வந்தால் பெரிய விசிறிக்கு முன்னால் உட்கார வைத்து, தலையில் ஈரத்துண்டு போட்டு, உப்புப் போட்ட மோரைக் கொடுப்போம். அரை மணி நேரத்தில் ஆள் எழுந்து வேலைக்குப் போய்விடுவான். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். அதையே அம்மாவுக்கும் செய்தேன். பெருமையாகவே செய்தேன்.

குடித்த மோர் அப்படியே வாந்தியாக வந்தது.

"வெயில்ல நின்னுக்கினு இருந்தே இல்ல, அதான். செத்த நேரம் படு, சரியாப் பூடும்" என்றேன்.

"யோவ், நான் இன்னா உன் மில்லு ஆளா? சூடு ஏறி வந்த வலி இல்ல இது. ஒரே நொடி. தலைக்குள்ள எவனோ சம்மட்டியால அடிச்ச மாதிரி வந்துச்சு. ஜன்னலைச் சாத்து மொதல்ல, வெளிச்சம் குத்துது."

உலைச் சூட்டு வலி மெதுவாகத்தான் ஏறும். நொடியில் வராது. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவள் சொன்ன பிறகுதான் உறைத்தது. தலையைக் குனியச் சொன்னேன், கழுத்து மடங்கவில்லை. இடது கண் இமை பாதி இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் ஆட்டோவில் ஏற்றி கவரைப்பேட்டை டாக்டரிடம் போனேன். அவர் அம்மாவின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்த கையோடு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்றில் சுவர் மெலிந்து, குமிழ் போல ஊதி, அதில் கசிவு என்றார் டாக்டரம்மா.

"எங்க மில்லுல தண்ணி ஓஸு பலவீனமான எடத்துல ஊதிக்கினு நிக்குமே, அந்த மாதிரியாம்மா?"

"அதேதான். நீங்க ஓஸை மாத்திடுவீங்க, எங்களால இதை மாத்த முடியாது. தொடையில இருக்கிற ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ஒரு கம்பியை மேல அனுப்பி, அந்தக் குமிழுக்குள்ள சுருள் சுருளா வெச்சு அடைச்சிடுவோம். சில பேருக்கு மண்டையைத் திறந்து கிளிப் போடணும். இவங்களுக்குச் சுருளே போதும். மறுபடி கசியறதுக்குள்ள செய்யணும்."

"எதனால வருது?"

"சில பேருக்குப் பிறவியிலேயே குழாய்ச் சுவர் மெலிசா இருக்கும். பிரஷர், பீடி சிகரெட் ரெண்டும் அதை இன்னும் மோசமாக்கும். குடும்பத்துல வேற யாருக்காவது இருந்தாலும் வரலாம்."

அம்மாவுக்குப் பிரஷர் உண்டு. உடம்பு நன்றாக இருக்கிறதென்று மாத்திரையை அவளாகவே நிறுத்தியிருந்தாள். நானும் கேட்கவில்லை.

காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். சில மணி நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்து, அடைத்துவிட்டோம் என்றார். ஆனால் கண்டம் தாண்டவில்லை. கசிந்த ரத்தத்தால் மற்றக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளலாம், பேச்சு போகலாம், கை கால் விழலாம், இரண்டு வாரம் கண்காணிப்பிலேயே வைத்திருக்க வேண்டும் என்றார்.

அந்த இரண்டு வாரமும் நர்ஸ் மணிக்கொரு தரம் வந்து பெயரைக் கேட்டார், இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வாரம் போயிருக்கும், அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"எத்தினி வாட்டிம்மா கேப்பே? ஒரு மணி நேரத்துல என் பேரு இன்னா மாறிடவா போவுது?"

நர்ஸ் சிரித்துக்கொண்டே, "பேச்சு ரொம்ப நல்லா இருக்கு" என்று எழுதிக்கொண்டார். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று வாசல் வரைக்கும் போகச் சக்கர நாற்காலி கொண்டுவந்தார்கள். இமை மட்டும் இன்னும் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. அம்மா நாற்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கால் ரெண்டும் இருக்குது. நீ நவுரு."

அவள் முன்னால் நடந்தாள். யாரையும் பிடித்துக்கொள்ளவில்லை. வார்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நான் பின்னால் போனேன்.