ரெண்டு படி நெல்லுக்கு எத்தனை ரூபாய்?

அடுத்தவர் கூலியை விசாரித்துத் திட்டு வாங்குவதற்காகவே அரசாங்கம் மாதச் சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஆட்களில் நானும் ஒருவன். எழுபதுகளில் படிவத்தோடு சைக்கிளில் ஊர் ஊராக அலைந்த சக பாவிகளே, இது உங்களுக்காக.

கூழ் என்ன விலை?

படிவத்தில் ஒரே ஒரு கட்டம்: 'ஒரு நாள் கூலி, ரூபாயில்'. பென்னலூர் வரப்பில் நின்றுகொண்டு, நடவுப் பெண்களுக்குத் தலைவியான மரியம்மாவைக் கேட்டேன். ரெண்டு படி நெல், மத்தியானம் ஒரு சொம்பு கூழ் என்றார். காசு கண்ணிலேயே படாத கூலி!

நெல்லுக்கு ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெரு விலையைப் போட்டுப் பெருக்கச் சொல்லி விதி இருந்தது. கூழுக்கு எந்த விதியும் இல்லை. பேனாவை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தேன். மரியம்மாவுக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது. "நீங்களே குடிச்சுப் பாத்து ஒரு வெல போட்டுக்குங்க சார்."

ஏறாமல் ஏறியது

அடுத்த வருஷமும் அதே ரெண்டு படிதான். ஆனால் நெல் விலை ஏறியிருந்தது. விதிப்படி பெருக்கினால் கூலியும் ஏறிவிட்டது. எங்கே தப்பு செய்தேன் என்று மூன்று தடவை பெருக்கிப் பார்த்தேன். கணக்கு சரி. அந்தப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோனதில் மட்டும் ஒரு மணி நெல் கூடவில்லை.

கூலி ஏறியதைப் படிவத்தில் பார்த்த என் அதிகாரிக்கோ முகமெல்லாம் சிரிப்பு. தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "நெல்லை விட்டுத்தள்ளுய்யா, ரூபாய் ஏறியிருக்கா இல்லையா?"

கேட்டார், படித்தேன்

அதற்கடுத்த நடவின்போது மரியம்மாவும் மற்ற பெண்களும் அரைப் படி கூட்டிக் கேட்டு, வயலில் இறங்காமல் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நாற்று முற்றிக்கொண்டிருந்தது. நிலக்காரர் கோதண்டம் பிடிவாதம் தளர்ந்து இறங்கி வருகிற நேரம் பார்த்து நான் போய்ச் சேர்ந்தேன்.

"சார், ரெண்டு வருஷமா கூலி ஏறிகீதா இல்லையா? உங்க காகிதத்தைப் பாத்து சொல்லுங்க" என்றார் கோதண்டம். கேட்டதும் உண்மையைச் சொல்வதுதானே உத்தியோக தர்மம்? பழைய தொகையையும் புதிய தொகையையும் சத்தமாகப் படித்துத் தொலைத்தேன். "கேட்டீங்களா, சர்க்காரே சொல்லுது!" என்றார் அவர். அது நெல்லின் விலை ஏற்றம்தான், கூலி கூடவில்லை என்று நான் விளக்க ஆரம்பித்தபோது அவர் காதில் எதுவும் விழவில்லை. எனக்கே பாதியில் குழம்பிவிட்டது.

பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து, அதே ரெண்டு படிக்கு வயலில் இறங்கினார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. மரியம்மா கடைசியாக எழுந்து புடவையைச் செருகிக்கொண்டே என்னைக் கேட்டார். "உன் காகிதத்துல ஏறுன கூலிய யார் வூட்டுல போய் வாங்கிக்கினு வர்றது, சொல்லு சார்?"

அந்த ஆண்டு அறிக்கையிலும் எங்கள் தாலுகாவில் கூலி உயர்ந்துதான் இருந்தது; அதை உயர்த்திய ஒரே ஆள் நான்தான்.