அன்று காலை அம்மாவுக்கு வேர்த்தது

அம்மாவின் முதலாண்டுத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் எல்லோருக்கும் மூத்த மகளின் வணக்கம். அம்மாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார் பெரிய மாமா. நல்லது எழுதப் பஞ்சமில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள என்னால் முடியவில்லை, மன்னியுங்கள்.

அம்மா பிறந்தது செங்கத்துக்குப் பக்கத்தில், மல்லாட்டை பயிரிட்டுப் பிழைத்த குடும்பத்தில். பெண்ணை வெளியூர் விடுதிக்கு அனுப்ப மாட்டேன் என்று தாத்தா இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தாராம். அம்மா நான்கு வேளை சாப்பிடவில்லை. அப்படித்தான் வேலூருக்கு நர்ஸ் படிப்புக்குப் போனார்.

அப்பா பஸ் கண்டக்டர். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு நான்கு வயது இருக்கும்போது மஞ்சள் காமாலையில் காலமானார். கருமாதி முடிந்த மறுநாளே அம்மா டியூட்டிக்குக் கிளம்பினார். அவர் வெள்ளை யூனிஃபார்ம் புடவையோடு தெருவில் இறங்கியதைப் பார்த்து உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். "நான் எப்பவும் வெள்ளைதானே கட்டறேன். இன்னிக்கு என்ன புதுசா பாக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார்.

சொந்தங்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கல்யாண வீடுகளில் தாலி கட்டும் நேரத்தில் அம்மாவைப் பின்வரிசையில் உட்கார வைத்த நீங்கள்தான், பந்தி முடிந்ததும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பி.பி. பார்க்க அவர் முன்னால் வரிசையில் நின்றீர்கள். அம்மா முகம் சுளிக்காமல் பார்த்தார். உப்பைக் கம்மி பண்ணச் சொல்லித் திட்டினார். சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்ற உங்கள் வீடு தேடி வந்தார். அம்மாவின் கையில் அந்த பி.பி. பட்டையைச் சுற்றிப் பார்க்க நம்மில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

எங்கள் வீட்டில் அம்மா சொன்னால்தான் அது நோய். அவர் ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை. அவரைக் கேட்காமல் யாரும் டாக்டரிடம் போனது கிடையாது. முப்பது வருட சர்வீஸில் அவர் எங்களுக்குத் தப்பாகச் சொன்னதும் கிடையாது. அதனால் நானும் தம்பியும் உடம்பைப் பற்றிச் சுயமாக யோசிக்கவே பழகவில்லை.

தம்பியின் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. வேங்கிக்காலில் எங்கள் வீட்டில் நான் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவ, அம்மா உறை மேல் விலாசம் எழுதிக்கொண்டிருந்தார். நடுவில் பேனாவை வைத்துவிட்டுத் தாடை வலிக்கிறது என்றார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் நெற்றியெல்லாம் வேர்வை. தைத்த ரவிக்கைகளைக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு ஹசீனா அக்கா, அம்மாவின் கையைத் தொட்டதும் பயந்துவிட்டார்.

"சிஸ்டரம்மா கை ஜில்லுனு இருக்குது. வேர்வை வேற ஜாஸ்தியா ஊத்துது. ஆட்டோ கூப்பிடறேன், ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்றார்.

வெறும் கேஸ் டிரபிள்தான், மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தால் சரியாகிவிடும் என்றார் அம்மா. ஹசீனா அக்கா என்னைப் பார்த்தார்.

"அம்மாவுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிடப் போவுது?" என்று கேட்டுச் சிரித்தேன்.

அப்போது காலை பத்து மணி. மதியம் இரண்டு மணிக்குச் சாப்பிட எழுப்பினேன், அம்மாவிடம் பேச்சு இல்லை. அதே ஹசீனா அக்காதான் ஓடி வந்து அம்மாவைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார். ஆஸ்பத்திரியில் எவ்வளவோ போராடியும் காப்பாற்ற முடியவில்லை. டாக்டர் வெளியே வந்து, மாரடைப்பு என்று சொல்லி, எப்போதிலிருந்து வலி என்று கேட்டார். சொன்னேன். "நாலு மணி நேரமாவா வீட்லயே வெச்சிருந்தீங்க?" என்றார்.

சென்னையிலிருந்து ஓடி வந்த தம்பியிடம், எல்லாம் திடீரென்று நடந்துவிட்டது என்றேன். பொய். ஹசீனா அக்காவிடமும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினேன். தன் கல்யாண வேலைக்கு அலைந்துதான் அம்மா போய்விட்டார் என்று தம்பி நினைத்துக்கொண்டான். ஒரு வருடமாகக் கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான். அம்மா உண்மையிலேயே கேஸ் என்று நம்பினாரா, தெரிந்தே மறைத்தாரா என்று நான் தினமும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் எல்லோரும் வந்து எவ்வளவோ ஆறுதல் சொன்னீர்கள். எனக்கு ஆறவில்லை. ஆறும் என்றும் தோன்றவில்லை.

வழியெல்லாம் ஹாரனிலிருந்து கையை எடுக்காத ஆட்டோக்கார அண்ணனுக்கு நன்றி. அழுதுகொண்டே அம்மாவைத் துடைத்துப் புடவை மாற்றிய, அவரோடு வேலை பார்த்த சிஸ்டர்களுக்கு நன்றி. என் பொய்யை ஒரு வருடம் எனக்காகச் சுமந்த ஹசீனா அக்காவுக்கு நன்றி சொல்லவே கூச்சமாக இருக்கிறது. தம்பிக்கு நிச்சயித்த பெண்ணின் வீட்டார் வேறு வரன் பார்க்காமல் இன்னும் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது.

தம்பி, இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பல தடவை வந்தேன், வாய் வரவில்லை. அதனால்தான் அச்சில் ஏற்றிவிட்டேன். அம்மா போனது உன் கல்யாணத்தால் இல்லை. பக்கத்தில் இருந்தவள் நான். இதைப் படித்துவிட்டு நீ என்னோடு பேசாமல் போனாலும் சரி. அந்தப் பெண்ணோடு பேசு.