ஆத்தா பேரில் ஒரு பொய்

இத்தாலியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்ததும் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிக்கிறார்கள். ஆம்பூர்க்காரியான எனக்குக் கூச்சத்தைவிடப் பயம் ஜாஸ்தி. என் மகள் தாரணிக்கு நாலு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. வேலூரில் வைத்தியம் பார்த்தோம், தெய்வ புண்ணியத்தில் குணமானது. ஆனால் அந்த மருந்து நோயோடு சேர்த்து எதிர்ப்புச் சக்தியையும் துடைத்துப் போட்டுவிட்டது. இப்போது ஒன்பது வயது. வைத்தியம் முடிந்து இரண்டு வருஷமாகியும் அது முழுசாகத் திரும்பவில்லை. மற்றவர்களுக்குத் தும்மல் என்றால் இவளுக்கு ஆஸ்பத்திரி.

ஊரில் சொந்தக்காரர்களை வராதே என்றால் பகை. வந்தால் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளாமல் போகமாட்டார்கள். அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வாசலில் வேப்பிலை கட்டிவிட்டேன். அம்மை கண்ட வீடென்று எல்லாரும் தெருவிலேயே கும்பிட்டுப் போனார்கள். ஆனால் அம்மை வீட்டில் கவுச்சி கூடாது, தாளிப்பும் கூடாது. மூன்றாவது வாரம் என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "ஆத்தா எப்ப கெளம்புவா?"

நாத்தனார் தெருவில் நின்றபடியே விசாரித்தார். "இன்னாம்மா, ஆத்தா உங்க வூட்டுக்கு மட்டும் மாசாமாசம் வர்றா?"

"எங்க வூடு புடிச்சிப்போச்சு போல, அண்ணி."

"அப்ப என் தம்பி பஜார்ல பிரியாணி துன்றானே, அது இன்னா பிரசாதமா?"

பிறகு என் வீட்டுக்காரருக்கு இங்கே இத்தாலியில் ஷூ கம்பெனியில் வேலை கிடைத்து வந்து சேர்ந்தோம். போன குளிர்காலத்தில் தாரணியின் பள்ளியில் அம்மை பரவியது. வேப்பிலைக்கு எங்கே போவது? ஆலிவ் கிளை ஒன்றை ஒடித்துக் கதவில் கட்டினேன். கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டுத் தெரேசா அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேக்கோடு வந்து நின்றார். இந்த ஊரில் ஆலிவ் கிளை சமாதானமாம், ஆசீர்வாதமாம். நான் "நோ, நோ" என்றேன். கேக் வேண்டாம் என்கிறேன் என்று நினைத்து இன்னும் நெருங்கினார். தாரணிதான் உள்ளேயிருந்து அவர்கள் பாஷையில் உள்ளதைச் சொன்னாள். அந்த அம்மா கேக்கைப் படியில் வைத்துவிட்டு, கையை அசைத்து இறங்கிப் போனார். கோபமே இல்லை. உள்ளதைச் சொல்ல எனக்குத்தான் இத்தனை வருஷம் தோன்றவில்லை.

அந்த வாரமே டாக்டர் ரத்தம் பார்த்தார். குழந்தையில் போட்ட தடுப்பூசிகளை ரத்தம் மறந்துவிட்டதாம். முதலிலிருந்து போடவேண்டும், அம்மை ஊசியைத் தாங்க மட்டும் உடம்புக்கு இன்னும் பலம் வரவேண்டும் என்றார்.

"ரத்தம்தாம்மா மறந்துச்சி. வலிச்சது எனக்கு ஞாபகம் இருக்குதே" என்று தாரணி முறைத்தாள்.

ஊசி போட்டு முடிந்து சட்டை மாட்டும்போது பார்த்தேன். இடது தோளில் ஆம்பூரில் போட்ட ஊசியின் தழும்பு அப்படியே இருந்தது. வலது தோளில் இந்த ஊர்ப் பஞ்சு, நடுவில் ஒரு பொட்டு ரத்தம். இரண்டையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.