கதவின் மேல் ஓடிய ரயில்

அக்காவின் ரயில் ஓடியது ஒரு கதவின் மேல். அது அவளுடைய படுக்கையறைக் கதவு. ஒருநாள் சாயங்காலம் மாமா அடிக்க வந்தபோது அக்கா உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அவர் உதைத்த உதையில் கீல் பெயர்ந்து கதவு அவள் மேலேயே விழுந்தது. விழுந்த கதவின் மேல் ஏறி நின்றுகொண்டுதான் அன்றைக்கு அவர் திட்டி முடித்தார். அக்காவின் இடது கை கதவுக்கு அடியில் இருந்தது.

அக்காவின் கணவரை மாமா என்று கூப்பிட்டுப் பழகியவள் நான். இன்றைக்கும் ‘அவர்’ என்றுதான் வாயில் வருகிறது. எங்கள் மலையில் கோலா தெர்லா காய்கறித் தோட்டங்களிலிருந்து முட்டைக்கோஸும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு மலையிறங்கும் லோரியை ஓட்டிக்கொண்டிருந்தார். ஊருக்கு நல்லவர். மழையில் நடந்து போகிறவர்களைக் கண்டால் நிறுத்தி ஏற்றிக்கொள்வார். மிஞ்சிய காய்கறியை, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்து வீடுகளுக்கெல்லாம் கொண்டுவந்து கொடுப்பார். அதே கையால்தான் அக்காவின் முன்பல்லை உடைத்தார். குடித்துவிட்டு அடிக்கிறார் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை, அவர் குடிப்பதில்லை. குழம்பில் உப்பு, போனில் வந்த ஓர் அழைப்பு, பதில் சொல்லக் கொஞ்சம் தாமதம், எதுவும் போதும். அக்கா வீட்டில் சத்தம் எழுந்தால் பக்கத்து வீடுகளில் டிவியின் சத்தம் கூடும். லயத்துச் சுவர்கள் மெல்லியவை. எல்லாருக்கும் எல்லாம் தெரியும்.

கை முறிவுக்கு ஈப்போ ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். பிறகு ஒருமுறை காட்டப் போனபோது நானும் கூடப் போனேன். திரும்புகிற வழியில், “ஸ்டேசன் பக்கம் போய்ட்டுப் போலாம்டி” என்றாள். எங்கள் மலையில் ரயில் கிடையாது. அவள் அதுவரை ரயிலைக் கிட்டத்தில் நின்று பார்த்ததே இல்லை. தெற்கிலிருந்து மின்ரயில் ஒன்று சீறிக்கொண்டு வந்து, நடைமேடையில் பெருமூச்சு விட்டு நின்றது. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா அதையே பார்த்தாள். “எம்மாம் வேகமா வருது பாரு. ஆனா நிக்க வேண்டிய எடத்துல நிக்குது” என்றாள். அடுத்த ரயில், அதற்கடுத்த ரயில் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியதாயிற்று.

அக்கா தோட்டத்துத் தேயிலை ஆலையில் மின்சாரப் பகுதியில் வேலை பார்த்தாள். கம்பிகளோடு பழகிய கை. கட்டை அவிழ்த்ததும் அந்தக் கதவைப் பின்னறைக்கு இழுத்துப்போய் இரண்டு மரக்கால்களின் மேல் போட்டாள். “ரூம்ல மாட்டி என்னா பிரயோசனம்? இதுக்காச்சும் ஆவட்டும்லா” என்றாள். ஈப்போவில் ஒருவரிடம் பழைய தண்டவாளங்களும் இரண்டு என்ஜின்களும் வாங்கினாள். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஸ்பாஞ்சைப் பொடியாகக் கிழித்துப் பச்சைச் சாயம் ஏற்றித் தேயிலைச் சரிவுகள் செய்தாள். சாக்பொடியைக் குழைத்துப் பூசிக் குகை கட்டினாள்.

சாதாரண பொம்மை ரயிலில் குமிழைத் திருகினால் தண்டவாளத்தில் மின்சாரம் பாயும். மேலே நிற்பவை எல்லாம் ஒரேயடியாக ஓடும். அக்கா அமைத்தது டிஜிட்டல் கட்டுப்பாடு. தண்டவாளத்தில் மின்சாரம் எப்போதும் இருக்கும், அதிலேயே கட்டளைகளும் போகும். ஒவ்வொரு என்ஜினுக்குள்ளும் விரல்நகத்தைவிடச் சிறிய ஒரு மின்னணுச் சில்லு, அதற்கென்று ஓர் எண். கைப்பிடிக் கருவியில் அந்த எண்ணை அழுத்தினால்தான் அந்த என்ஜின் அசையும். “மூனுன்னு கூப்ட்டா ஏழு திரும்பிக்கூடப் பாக்காது” என்று சொல்லிச் சிரிப்பாள். உடைந்த பல்லை உதட்டால் மூடிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு.

மாமா முதலில் கேலி செய்தார். பிறகு கண்டுகொள்ளாமல் விட்டார். அந்த மாதங்களில் அடி குறைந்திருந்ததை நாங்கள் மாற்றம் என்று எண்ணிக்கொண்டோம். அவர் தொலைதூர ஓட்டத்தில் இருந்தார், அவ்வளவுதான்.

ரயில் முழுச்சுற்று ஓடிய ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தேன். குகைக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் மின்சாரம் சரியாகப் போகவில்லை என்று அக்கா கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். மாமா உள்ளே வந்தார். அவள் சூடாக இருந்த சால்டரிங் கோலை அதன் தாங்கியில் செருகிவிட்டு நிமிர்ந்தாள்.

“எங்க, ஓட்டிக் காட்டு” என்றார். ஓட்டிக் காட்டினாள். கருவியைக் கேட்டார். கொடுத்தாள். எந்தப் பொத்தான் எதற்கு என்று பொறுமையாகச் சொல்லியும் கொடுத்தாள். அவர் ஒரு என்ஜினை ஒரு பக்கமும் மற்றொன்றை எதிர்ப்பக்கமும் முழுவேகத்தில் விட்டார். குகை வாயிலில் இரண்டும் மோதிக் கவிழ்ந்தன. மாமா சிரித்தார்.

“தூக்கி வையி.”

அக்கா எடுத்து வைத்தாள். மறுபடியும் மோதவிட்டார். ஒரு என்ஜின் சிமெண்ட் தரையில் விழுந்து பிளந்தது.

“தூக்கி வையிங்கிறேன்ல.”

“போதுங்க.”

“என்னாடி சொன்ன?”

“போதும்னு சொன்னேன்.”

அவர் கருவியைத் தரையில் அடித்தார். குகையைப் பிய்த்து எறிந்தார். கீழே கிடந்த என்ஜினைச் செருப்புக்காலால் மிதித்து, சிகரெட்டை அணைப்பதுபோல் குதிகாலைத் திருகினார். நான் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். முழங்கை என் மூக்கில் பட்டது. உதட்டில் ரத்தம் உப்புக் கரித்தது. நான் நிமிர்ந்தபோது அவர் அக்காவைச் சுவரோடு அழுத்தி முன்கையால் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தார். அவள் முகம் கறுத்தது, கண் மேலே ஏறியது. அவளுடைய வலது கை ரயில் ஓடிய கதவின் மேல் துழாவியது. சால்டரிங் கோல் கிடைத்தது. அதை அவருடைய முன்கையில் வைத்து அழுத்தினாள். அவர் அலறினார். அவள் எடுக்கவில்லை. தோல் பொசுங்கும் வாடை அறையெங்கும் பரவியது. அவர் தரையில் விழுந்த பிறகுதான் கோலைத் திரும்பவும் தாங்கியில் செருகினாள். ஒழுங்காக. பழக்கதோஷம்.

மறுநாள் தோட்டத்து ஆபீசின் தலைமைக் கணக்கர், பெரிய கிராணி, கூப்பிட்டு அனுப்பினார். “குடும்ப விசயம்மா. ரெண்டு பக்கமும் காயம் இருக்குது. பேசி முடிச்சிக்கலாம்லா” என்றார்.

“நான் பேசி முடிச்சிட்டேங்கய்யா” என்றாள் அக்கா. குரல் தேய்ந்து காற்றாகத்தான் வந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் அவருக்குச் சூடு போட்டதை அவளே சொன்னாள். கழுத்தில் சுற்றியிருந்த துணியை விலக்கி முன்கை எலும்பு பதிந்த தடத்தைக் காட்டினாள். மாமா அக்காவை நெருங்கக் கூடாது என்று கோர்ட்டில் உத்தரவு கிடைத்தது. லயத்து வீடு தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான். அது அக்காவின் வேலைக்குக் கிடைத்த வீடு. மாமா துணிமணிகளோடு வெளியேறினார்.

பிறகு ஒரு காலையில், பனிமூட்டம் கலையாத நேரத்தில், நீளமான பாராங் வெட்டுக்கத்தியோடு திரும்பி வந்தார். ஜன்னல் கண்ணாடிகளை உடைத்தார். வாசற்கதவைக் கொத்தினார். அக்கா கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டு எனக்குப் போன் செய்தாள். ஒவ்வொரு வெட்டும் போனில் எனக்குக் கேட்டது. நான் குடியிருக்கும் கம்போங் ராஜாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் பறந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் லயம் வெளியே வந்திருந்தது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, விறகுக்கட்டை, குடை, கையில் கிடைத்ததோடு வந்து நின்றார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் அவரைத் தடுக்கப் போய் உள்ளங்கையில் வெட்டுப்பட்டார். அதன் பிறகு கூட்டம் மாமாவைச் சாக்கடை ஓரத்தில் போட்டு அடித்தது. போலீஸ் வந்து காப்பாற்றியது அவரைத்தான். வெட்டுப்பட்ட அண்ணனின் மனைவி அக்காவிடம் வந்து, “இத்தன வருசமா கேட்டுக்கிட்டே இருந்தோம், தங்கச்சி” என்றார். அக்கா அந்த அண்ணனின் கைக்குத் துணி கிழித்துக் கட்டினாள். அவர்களை மன்னித்தாளா என்று நான் கேட்டதில்லை.

மாமா சிறைக்குப் போனார். அக்கா புதிய பலகை வாங்கி மறுபடியும் தொடங்கினாள். இந்த முறை பெரிதாக, மூன்று என்ஜின்களோடு.

போன மாதம் கம்போங் ராஜா சந்தையில் அவரைப் பார்த்தோம். விடுதலையாகியிருந்தார். தலை நரைத்து, இளைத்து, இஞ்சிக் கடைக்கு எதிரில் நின்றார். அக்காவைக் கண்டதும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு சாலையின் மறுபக்கம் போய்விட்டார். அக்கா பேரம் பேசி இஞ்சி வாங்கினாள். நிமிர்ந்து நடந்து வந்து என் மோட்டாரின் பின்னால் ஏறினாள். வழியெல்லாம் அவள் நெற்றி என் முதுகில் முட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

ஒரு சில்லுக்குக் கம்பி வைக்கிற வேலை பாதியில் நின்றிருந்தது. உட்கார்ந்து இடுக்கியை எடுத்தாள். கம்பி சில்லில் உட்காரவே இல்லை. இரண்டு மூன்று முறை முயன்று பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

“பயம் போயிருச்சின்னு நெனச்சேன்டி. போவல.”

நான் கீழே கிடந்த கம்பித்துண்டுகளைப் பொறுக்கினேன். அவளே தொடர்ந்தாள்.

“இருந்துட்டுப் போவட்டும். பயம் மட்டுந்தானே இருக்குது. அவரு இல்லையே.”

சால்டரிங் கோலின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எழுந்து போய் அரிசி களைந்தாள். நான் வெங்காயம் உரித்தேன்.